'தகவலாளி 3': தொழில்வல்லார் ஆய்வாளராவது குறித்துக் கொச்சியிலிருந்து ஒரு பழைய கணக்கு

முதுகலை மொழியியல் மாணவனாக இருந்தபோது, போர்ட் கொச்சியின் தோபிகானாவில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சுவழக்கைப் பற்றி ஒரு சிறு ஆய்வேடு எழுதினேன். டச்சுப் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. அந்த ஆய்வேட்டின் பிற்சேர்க்கையில் 'தகவலாளி 3' என்றொருவர் வருகிறார். அக்குடும்பங்களுள் ஒன்றில் பிறந்த பள்ளி ஆசிரியை அவர். வெள்ளாவி, காரம், கஞ்சி, நீலம் தொடங்கித் தொழிற்சொற்களைப் பல ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாமே எழுதிவந்தவர். என் சொற்பட்டியலில் பாதிக்குமேல் அந்த நோட்டிலிருந்து வந்தது. ஆய்வேட்டின் முகப்பில் என் பெயர் இருந்தது. அவருக்கு எண் மட்டுமே கிடைத்தது.

சென்ற மாதம் அவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, வேலையை விடாம ஆராய்ச்சி பண்ணக் கத்துக்கணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல இயலவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் இக்கேள்விக்கு எவரும் யோசிக்காமல் 'எம்.பில்.' என்று சொல்லியிருப்பர். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட புதிய முனைவர் பட்ட நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்திவிட்டன. பகுதிநேர முனைவர் பட்டத்திற்கு அவை இடந்தருகின்றன. எனினும் பணியில் இருப்பவர் தம் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெறவேண்டும். ஆய்வுக்கு உரிய நேரம் அலுவலில் கிட்டும் என்றும், தேவையானால் பாடநெறியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்றும் அச்சான்று உறுதி கூறவேண்டும். ஆசிரியையின் பள்ளி நிர்வாகம் அத்தகைய கடிதம் தரத் தயங்குகிறது. ஆக, ஆய்வு என்பது தமக்கு ஒத்துவருமா என்று ஓரிரு ஆண்டுகள் பழகிப்பார்க்கும் முன்றில் இல்லை. நேரே வீட்டுக்குள் நுழையவேண்டும், அதற்கும் வேறொருவர் கதவைத் திறக்கவேண்டும்.

இந்த ஆசிரியையின் ஊரிலேயே இதற்கொரு நீண்ட முன்கதை உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

1579இல் 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் கொச்சியில் அச்சேறியது. அதனைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் தொழிலால் சமயப் பணியாளர். முத்துக்குளித்துறையில் மக்களிடம் பேசவேண்டிய கட்டாயமே அவரைத் தமிழ் இலக்கணம் எழுதவைத்தது. போர்த்துக்கேய மொழியில் அவர் எழுதிய அவ்விலக்கணத்தை மொழியியலார் இன்றும் பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழுக்குச் சான்றாகக் கொள்கின்றனர். அவருக்கு ஆய்வுநெறியைக் கற்பித்த கல்லூரி எதுவுமில்லை. தொழிலின் நெருக்கடியே கற்பித்தது.

இதனினும் பெரிய நிகழ்வு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் நேர்ந்தது. 1663இல் டச்சுக் கம்பெனி போர்த்துக்கேயரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது. அடுத்த பத்தாண்டில் மலபாரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் பல்கலைக்கழகப் பயிற்சி பெற்ற தாவரவியலாளர் அல்லர், படைவீரர், நிர்வாகி. அவர் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 742 தாவரங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. பின்னாளில் லின்னேயஸ் தம் வகைப்பாட்டில் மலபார்ச் செடிகளுக்கு அந்நூலையே பெரிதும் சார்ந்தார்.

அந்நூல் உருவான முறையே மாணவர் கருதத்தக்கது. சேர்த்தலைக்கு அருகில் கரப்புறத்தைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன், கொங்கணி மருத்துவர்களாகிய ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோர் செடிகளை அடையாளங்காட்டிப் பெயரும் பயனும் கூறினர். ஓவியர்கள் செடியை நேரில் வைத்து வரைந்தனர். கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ மலையாளத்திலிருந்து போர்த்துக்கேயத்துக்கு மாற்றினார். அதிலிருந்து இலத்தீன் வடிவம் பிறந்தது. அறிஞர் குழு கூடி விவாதித்ததையும், மருத்துவர்கள் செடியின் இயல்பைச் செய்யுளாக நினைவிலிருந்து ஒப்பித்ததையும், ஒருவர் கூற்றை மற்றவர் பணிவோடு மறுத்ததையும் வான் ரீட் தம் முன்னுரையில் வியந்து குறிக்கிறார். நேர்காணல், சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு, மூலத்தைச் சுட்டல் என இன்றைய ஆய்வுநெறிப் பாடத்தின் உறுப்புகள் யாவும் அங்கே உள்ளன. எவரும் அதற்குப் பாடமென்று பெயரிடவில்லை.

முதல் தொகுதியில் இம்மருத்துவர்களின் சான்றுரைகள் அவர்தம் எழுத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அச்சுதனின் சான்று 1675 ஏப்ரல் நாளிட்டது, கோலெழுத்தில் அமைந்தது. வட்டெழுத்தைப் படித்துப் பழகிய தமிழ் மாணவர் எவரும் அந்தப் பக்கத்தைச் சற்று முயன்றால் எழுத்துக்கூட்டிவிடலாம். நான் முயன்றேன், ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று.

அச்சுதன் அங்கே பெயரோடும் குடும்பப் பெயரோடும் ஊரோடும் நிற்கிறார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குடியேற்ற ஆட்சியாளர் தம் தகவலாளிக்குத் தந்த இடம் அது. நான் தந்த இடத்தை மேலே சொல்லிவிட்டேன். ஆயினும் வான் ரீட்டை மிகையாகப் போற்றவும் வேண்டியதில்லை. நூலின் ஆசிரியர் அவரே. அச்சுதன் ஆதாரமாகக் கொண்ட குடும்பச் சுவடி இன்று கிடைக்கவில்லை. நூலும் இலத்தீனில் இருந்தமையால் அச்சுதனின் வழித்தோன்றல்கள் அதை வாசிக்க முடியவில்லை. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால் பல்லாண்டு உழைத்து ஆக்கிய ஆங்கிலப் பதிப்பு 2003இலும் மலையாளப் பதிப்பு 2008இலும் வந்தன. அறிவைத் தந்தவரின் மொழிக்கு அந்த அறிவு திரும்பிவர 330 ஆண்டுகள் ஆயின.

தொழில்வல்லாருக்கு முறையான பயிற்சி என்னும் எண்ணம் சென்னையில் உருக்கொண்டது. 1812இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் கம்பெனியின் இளம் அதிகாரிகள் தென்னிந்திய மொழிகளைக் கற்றனர். தேர்வு அவர்தம் ஊதிய உயர்வோடு பிணைக்கப்பட்டிருந்தது. உள்ளூர் மாணவர் சட்டமும் மொழியும் பயின்று பணிக்குத் தகுதிபெற்றனர். கல்லூரிக்குப் பின்னணியில் நின்ற எல்லிஸ் வருவாய்த்துறை அதிகாரி. தெலுங்கு, கன்னடம், தமிழ் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு இவை சமற்கிருதத்தின் வழிவந்தவை அல்ல, தமக்குள் ஓரினம் என்று அவர் நிறுவியது 1816இல். காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பாக அது வெளிவந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு நாற்பது ஆண்டு முந்தியது. அதற்குப் பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா ஆகியோரின் புலமை அடித்தளமாயிற்று. நம் வகுப்பறைகளில் எல்லிஸ் பெயரே அரிதாகச் சொல்லப்படுகிறது. இவர்கள் பெயரைக் கேட்கவா வேண்டும்.

மீண்டும் கொச்சிக்கு வருவோம். மட்டாஞ்சேரியிலிருந்து படகேறினால் எர்ணாகுளம். அங்கே மகாராஜா கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர் எல். வி. ராமசாமி ஐயர். திராவிட மொழியியலுக்கு அக்காலத்தில் இந்நாட்டில் துறையே இல்லை. அவர் கல்லூரிப் பாடவேளைகளுக்கு நடுவே மலையாளம், தமிழ், துளு, குயி, பிராகுயி என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்குவித்தார். 'மலையாள உருபனியலின் வளர்ச்சி' பற்றிய அவர் ஆங்கில நூல் 1936இல் திருச்சூர் ராமவர்மா ஆய்வு நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. என் ஆய்வில் ஒவ்வோர் இயலிலும் அவரை மேற்கோள் காட்டவேண்டியிருக்கிறது. அவர் எவரிடமும் பயிலாமலே எட்டிய இடம் அது. ஆனால் தாமே கற்றவரைக் காட்டி 'படிப்பு எதற்கு' என்பார் வாதத்தை நான் ஏற்கவில்லை. ராமசாமி ஐயருக்குக் கல்லூரி நூலகமும் ஆய்விதழ்களும் கட்டுரையை ஏற்க ஒரு நிறுவனமும் இருந்தன. தோபிகானாவில் அவை இல்லை.

1950களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு புனே டெக்கான் கல்லூரி நடத்திய கோடைகாலப் பள்ளிகள் இக்குறையை ஓரளவு போக்கின. மொழி ஆசிரியர்கள் விடுமுறையில் சில வாரங்கள் தங்கி ஒலியனியலும் களப்பணியும் பயின்று தம் வகுப்புக்குத் திரும்பினர். பின்னர் இந்தியப் பல்கலைக்கழகங்களில் மொழியியல் துறைகளைக் கட்டியவர் பலர் அங்கிருந்து வந்தனர். பணியை விடாமல் ஆய்வுத்திறன் பெற இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன். எம்.பில். அதன் இடத்தைப் பிடித்தது. பின்னர் அஞ்சல்வழியில் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டு மதிப்பிழந்தது. 2009இன் நெறிமுறைகள் தொலைநிலை ஆய்வுப் பட்டங்களைத் தடைசெய்ததில் நியாயம் இருந்தது. சீர்கெட்டதைச் சீர்செய்யாமல் 2022இல் முழுவதுமாக அகற்றியதில் எனக்கு அது தெரியவில்லை.

ஆசிரியைக்கு இப்போதைக்கு நான் சொன்ன விடை சிறியது. தடையின்மைச் சான்றுக்கான விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். அதற்கிடையே ஞாயிறுதோறும் காலையில் அவருக்கு ஒலிக்குறியீடும் பதிவுமுறையும் கற்பிக்கிறேன். முதல் வாரமே 'வெள்ளாவி' என்ற சொல்லுக்கு என் ஆய்வேட்டில் நான் தந்திருந்த பொருளில் பிழை கண்டார். துணியை வேகவைக்கும் வேலை முழுவதையும் நான் அச்சொல்லுக்கு உரியதாக எழுதியிருந்தேன். அவர் வீட்டில் ஆவி ஏற்றும் கட்டத்துக்கு மட்டுமே அச்சொல் வழங்குகிறதாம். அத்திருத்தத்தை ஒரு கட்டுரையாக எழுதிவருகிறோம். முதல் பெயர் அவருடையது.