கொடுத்தவனும் காத்தவனும்: மைசூர்த் தொல்லியல் துறையின் திருப்பணி

அரண்மனையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றுதான் மலர்க் குழுவினர் முதலில் கேட்டார்கள். தசரா விளக்கொளியிலேயே பிள்ளைகளை வளர்த்த நமக்கு அரண்மனையைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? அதனால் அரண்மனை மதிலுக்கு வெளியே, அதிகம் பேர் ஏறிப் பார்க்காத அலுவலகங்களில் 140 ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு திருப்பணியைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். குழுவினர் பெரிய மனதுடன் இசைந்தார்கள். அடியேன் அறிந்த அளவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

கன்னட நாட்டுச் செப்பேடுகளையும் விஜயநகர மன்னர்களின் தான சாசனங்களையும் படித்தவர்களுக்கு, முடிவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுலோகம் பழக்கமானது. தானம் கொடுத்தல், கொடுத்ததைக் காத்தல் இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் காத்தலே மேல். கொடுத்தவன் சுவர்க்கம் போவான், காத்தவனோ அழிவற்ற பதத்தை அடைவான் என்பது அதன் கருத்து. கொடுத்த அரசனே தன் செலவில், தன் சாசனத்தில், தன்னைவிடப் பின்னால் வரப்போகிறவன் பெரியவன் என்று எழுதிவைக்கிறான்! தமிழ்க் கல்வெட்டுகள் இன்னும் ஒருபடி இறங்கிப் பணிகின்றன. இந்த அறத்தைக் காப்பவனின் பாதம் தன் தலைமேல் என்று கொடையாளி சொல்லிக்கொள்கிறான். அழிப்பவனுக்கோ கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். போலீசும் நீதிமன்றமும் எட்டாத காலத்துக்கும் சேர்த்து எழுதிய பாதுகாப்புச் சட்டம் அது.

ஆகமங்கள் இதை ஜீர்ணோத்தாரணம் என்று தனிக் கிரியையாகவே வகுத்தன. புதுக்கோயில் எடுப்பதைவிடப் பழுதுற்ற கோயிலைப் புதுக்குவது பன்மடங்கு புண்ணியம் என்பது நம் பெரியோர் வாக்கு.

கௌடில்யரின் கணக்கு மட்டும் சற்று வேறு. புதிதாக ஏரியும் கரையும் எடுப்பவருக்கு 5 ஆண்டு வரி விலக்கு, சிதைந்து கைவிடப்பட்டதைச் சீர்செய்பவருக்கு 4 ஆண்டு, புதர் மண்டியதைத் திருத்துபவருக்கு 3 ஆண்டு என்கிறது அர்த்தசாஸ்திரம். புண்ணியக் கணக்கில் பழையதற்கு முதலிடம்; வரிக் கணக்கில் புதியதற்கு ஓராண்டு கூடுதல். இன்றைய அரசுகள் எந்தக் கணக்கைப் பின்பற்றுகின்றன என்பதை வாசகர்களே அறிவர். ஆனாலும் பழுது பார்ப்பதற்கென்று அரசு தன் வருவாயை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அத்தனை பழைய நூலில் இருப்பதே நமக்குப் பெருமை.

அந்த நூல் உலகுக்குக் கிடைத்ததும் இதே மைசூரில்தான். 1891-இல் தொடங்கிய கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கிரந்த எழுத்து. அங்கே நூலகராக இருந்த ருத்ரபட்டணம் சாமசாஸ்திரி 1905-இல் அது இன்னதென்று கண்டறிந்து 1909-இல் அச்சேற்றினார். நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்த நூல் அது. கொடுத்த பண்டிதரின் பெயர் பலருக்குத் தெரியாது. காத்துப் படித்தவர் பெயர் உலகெங்கும் தெரியும். சுலோகம் சொன்னபடியே ஆயிற்று. அந்தச் சாமசாஸ்திரியே 1922-இல் மைசூர்த் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார் என்பது, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது என்னை நெகிழவைத்த செய்தி.

துறை பிறந்த கதை

1881-இல் மைசூர் அரசு ஆங்கிலேயரிடமிருந்து மீண்டும் உடையார் வம்சத்தின் கைக்கு வந்தது. நான்கே ஆண்டில், 1885-இல், சாமராஜேந்திர உடையார் காலத்தில், சேஷாத்திரி ஐயர் திவானாக இருந்தபோது, மைசூர் அரசு தொல்லியலுக்கென்று ஒரு துறையைத் தொடங்கியது. பஞ்சத்தின் வடு ஆறாத காலம். ஒரு சமஸ்தானம் கல்லுக்கும் எழுத்துக்கும் பணம் ஒதுக்கியது சிறிய காரியம் அன்று.

பொறுப்பேற்றவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். 1837-இல் பெங்களூரில் பிறந்தவர், பாதிரியார் மகன், கல்வித்துறை அதிகாரி. பள்ளிகளைப் பார்வையிட ஊர் ஊராகக் குதிரையில் போனவர், பள்ளிக்கூடத்தைவிட ஊர் எல்லையில் நின்ற கற்களிடம் மனதைப் பறிகொடுத்தார். கன்னடர்கள் இன்றும் அவரைச் சாசனப் பிதாமகர் என்றே போற்றுகிறார்கள். 1892-இல் சித்திரதுர்க்கப் பகுதியில் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய இடங்களில் அசோகரின் சாசனங்களைக் கண்டறிந்தவரும் அவரே.

1886 முதல் 1905 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘எபிகிராபியா கர்நாடிகா’வில் ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகள் உண்டு. அதில் ரைஸ் கையாண்ட ஒழுங்கை நான் மிகவும் வியக்கிறேன். மன்னர் வரிசையில் அடுக்காமல் தாலுகா வரிசையில் எண் கொடுத்தார். திருமகூடல் நரசிபுரத்துக் கல் என்றால் அந்தத் தாலுகாவின் பெயர்க் குறியும் ஓர் எண்ணும். மன்னன் யார் என்பதில் அறிஞர்கள் சண்டையிட்டுக் காலத்தை மாற்றலாம்; கல் நிற்கும் ஊர் மாறாது. இன்றும் ஆய்வாளர்கள் அதே எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

1906-இல் வந்தவர் ஆர். நரசிம்மாசாரியார், கர்நாடகக் கவி சரிதம் எழுதிய அதே பெருமகன். சோமநாதபுரம் கேசவன் கோயிலைப் பற்றி அவர் 1917-இல் எழுதிய சிறு நூல் என் மேசையில் எப்போதும் இருக்கும். 1258-இல் சோமநாத தண்டநாயகன் எடுத்த அந்தக் கோயிலில் சிற்பிகள் தம் பெயரைத் தாமே வெட்டிவைத்திருக்கிறார்கள். மல்லிதம்மன் என்ற பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றிய அதிகாரி அவர். 2023 செப்டம்பரில் பேளூர், ஹளேபீடுடன் சோமநாதபுரமும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியபோது எனக்கு அவருடைய நினைவுதான் வந்தது. பின்னால் எம். எச். கிருஷ்ணா வந்தார். மிகப் பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ஒன்றான ஹல்மிடிக் கல்வெட்டு அவர் காலத்தில்தான் வெளிப்பட்டது.

இவர்கள் தேடல் எப்படித் தொடர்ந்தது என்பதைக் காட்டச் சிரவணபெளகொளத் தொகுதியின் வரலாறு ஒன்றே போதும். 1889-இல் ரைஸ் பதிப்பித்தபோது 144 கல்வெட்டுகள். நரசிம்மாசாரியார் 1923-இல் திருத்தி வெளியிட்டபோது 500. 1973-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டபோது 573. மலை அதே மலைதான்.

நம் கற்கள்

இந்த மண்ணில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது நம் சங்கத்தாருக்குத் தெரியும். ஆனால் அவற்றைக் காத்தவர்கள் யார் என்று நாம் அதிகம் கேட்டதில்லை. சோழர் ஆட்சியில் தலக்காடு இராசராசபுரம் ஆயிற்று. இப்பகுதி முடிகொண்டசோழ மண்டலம், கோலார்ப் பக்கம் நிகரிலிசோழ மண்டலம். கோலார்த் தொகுதியைப் புரட்டினால் பக்கம் பக்கமாகத் தமிழ். கன்னட நாட்டு அரசின் ஊழியர்கள் தமிழ்க் கல்லைத் தம் கல்லாகவே எண்ணித் தேய்த்துக் கழுவிப் படியெடுத்தார்கள்.

மாணவப் பருவத்தில் ஒருமுறை படியெடுப்பதை அருகிருந்து பார்த்தேன். கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் படிய ஒட்டி, தூரிகையால் குத்திக் குத்தி எழுத்துப் பள்ளங்களில் இறக்கினார்கள். பிறகு மை தோய்ந்த பந்தால் ஒற்றினார்கள். தாள் கறுக்க, எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வந்தது. அந்தக் கல் அதுவரை ஒரு வீட்டு வாசலில் துணி துவைக்கப் பயன்பட்டிருந்தது. வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “இதில் எங்கள் பாட்டன் பெயர் இருக்கிறதா?” என்று கன்னடத்தில் கேட்டார். படியெடுத்தவர் சிரிக்காமல், “படித்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா” என்றார்.

மத்திய அரசின் கல்வெட்டியல் பிரிவும் 1966-இல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்நாடெங்கும் எடுத்த படிகள் இங்கே அடுக்கிவைக்கப்பட்டன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்போது இரு பக்கமும் சூடான பேச்சு நடந்தது. என் கருத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: தாள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, அச்சேறாத கல்வெட்டுகள் எப்போது அச்சேறும் என்று கேளுங்கள். பீரோவில் பூட்டிவைத்தால் சென்னைப் பீரோவும் மைசூர்ப் பீரோவும் ஒன்றுதான்.

சட்டங்களை விரித்துரைக்க இடமில்லை. 1958-இன் மத்தியச் சட்டம், 1961-இன் மாநிலச் சட்டம், காப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது என்ற 2010-இன் திருத்தம் ஆகியவை இருக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறையின் தலைமையகம் இன்றும் மைசூரில்தான். ஆனால் ஊருக்கு ஊர் காவலர் வைக்க எந்த அரசாலும் முடியாது. திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பும் எனாமல் பெயிண்டும் பூசுகிறவர்கள் பக்திமான்களே. மணலை வீசியடித்துச் சுவரைப் பளபளப்பாக்குகிறவர்களும் பக்திமான்களே. இளைஞர்களே, உங்கள் குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். முதலில் சுவரைப் படியெடுப்போம், பிறகு பூசுவோம் என்று ஒருவராவது எழுந்து சொல்லுங்கள்.

கங்கராசனைச் சொல்லி நிறுத்துகிறேன். ஹொய்சள விஷ்ணுவர்த்தனின் படைத்தலைவன் அவன். 1116-ஐ ஒட்டித் தலக்காட்டிலிருந்து சோழர் படையை விரட்டியவன். மன்னன் மகிழ்ந்து, வேண்டியதைக் கேள் என்றபோது ஓர் ஊரைக் கேட்டு வாங்கி அதையும் சமணக் கோயில்களின் பூசைக்கே எழுதிவைத்தான். கங்கவாடியில் இடிந்து கிடந்த சமணக் கோயில்களையெல்லாம் புதுக்கினான் என்று கல்வெட்டுகள் அவனைக் கொண்டாடுகின்றன.

சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரரின் திருவடிப் பக்கம், சிலையைச் சாமுண்டராயன் செய்வித்த செய்தி கன்னடத்தில் ஒரு வரியாகவும், கிரந்தமும் வட்டெழுத்துமாகத் தமிழில் ஒரு வரியாகவும் இருக்கிறது. சிலையைச் சுற்றி மண்டபம் எடுத்த கங்கராசன் தன் வரியையும் அங்கேயே கன்னடத்தில் வெட்டச் செய்தான். சோழரை வென்று வந்த கை அது. அருகிலிருந்த தமிழ் வரி அப்படியே இருக்கிறது.