கல்லும் கணக்கும்

நிலம் பெற்ற வரலாற்றை நாம் மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறோம். அந்நிலம் அளக்கப்பட்ட வரலாற்றைப் பேசியது குறைவு. இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டியது அதுவே.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையில், நம் மக்கள் தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து கொடுத்தும், மிராசுதாரர்களின் முன்னுரிமை குறுக்கே நின்றமையை விரித்துரைத்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் வருவாய்த்துறை ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது அவ்வழி வந்ததே. பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றல் செல்லாது என்பது நிபந்தனை.

அக்காலத்து அளவுக்கருவி, நூறு கண்ணிகள் கொண்ட 66 அடிச் சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மூலைகளில் கல் நட்டு, மூலைவிட்டக் கோடிழுத்து, அதிலிருந்து வளைவுகளுக்குக் குத்தளவு எடுத்துப் புலப்படம் வரைந்தனர். அப்படத்தைக் கண்ணால் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? கல்லைப் பெயர்த்தவனுக்குப் பத்திரம் தேவைப்படவில்லை.

இன்று நம்மவர் "சர்வே செய்து தருக" என்று மட்டும் மனு எழுதுகின்றனர். எந்த அளவை என்பதைக் கூறுவதில்லை. கல் காணாமற்போய் அண்டை நிலத்தார் நுழைந்திருப்பின், புலப்படத்தின்படி எல்லை அளந்து அத்துக்காட்டுமாறு கேட்க வேண்டும். உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொண்டால் உட்பிரிவு அளவை வேண்டும். குடியிருப்பு மனையாயின் நத்தம் பதிவேடு தனி. புன்செய்க் கணக்கில் அதைத் தேடுவது வீண்.

இவற்றினும் கடினமானது மற்றொன்று. 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் சில இடங்களில் பெயரோ பரப்போ பிழைபட ஏறியது. பிழை பதிவேட்டில் இருக்கும்போது நிலத்தை எத்தனை முறை அளந்தாலும் அப்பிழையே உறுதிப்படும். ஆகவே அளவையாளரை அழைக்குமுன் பழைய 'அ' பதிவேட்டின் நகலையும் பழைய புலப்படத்தையும் பெற்று, இன்றைய பட்டாவோடு ஒப்பிட வேண்டும். பழைய புல எண், இன்றைய உட்பிரிவு எண், பரப்பு, நிபந்தனைக் குறிப்பு ஆகிய நான்கையும் நோக்குக. ஏக்கரில் இருந்தது ஹெக்டேரில் மாறியிருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். வேறுபாடு தென்பட்டால் முதலில் வேண்டுவது பதிவுத் திருத்தம். அளவை அதன் பின்னரே.

1994இல் செங்கற்பட்டில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். அவர்கள் கேட்ட காரணை நிலத்திற்கும் புல எண் உண்டு, பதிவேடு உண்டு.

1923ஆம் ஆண்டின் நில அளவை எல்லைச் சட்டத்தின்படி நடந்த அளவையில் எல்லை தவறாக முடிவாயின், உரிமையியல் நீதிமன்றம் செல்ல மூன்றாண்டுகளே அவகாசம். அறிவிக்கை வந்தால் வாங்கி, நாளைக் குறித்து வைத்துக்கொள்க.