சும்மா நின்ற கோடரி

ஆல்ப்ஸ் மலை வழிகாட்டிகள் நீண்ட ஊன்றுகோலையும் சிறு கைக்கோடரியையும் ஒன்றாக்கி, 19ஆம் நூற்றாண்டில் பனிக்கோடரியை உருவாக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். தலையில் ஒரு பக்கம் கூர்மூக்கு, மறுபக்கம் மண்வெட்டி போன்ற தட்டை அலகு, காம்பின் அடியில் இரும்பு முனை. படி வெட்டலாம், ஊன்றி நடக்கலாம், சறுக்கினால் மூக்கைப் பனியில் குத்தித் தப்பிக்கலாம். ஆனால் மலையேறிகள் இன்றுவரை பேசும் பனிக்கோடரி, எதையும் வெட்டாமல் சில நொடி சும்மா நின்றது.

1953 ஆகஸ்ட். காரகோரத்தில் 8,611 மீட்டர் உயர கே2. அதன் உச்சியை அதுவரை யாரும் தொட்டதில்லை. டாக்டர் சார்லஸ் ஹூஸ்டன் தலைமையில் வந்த எட்டுப் பேர், சுமார் 7,700 மீட்டரில் புயலில் மாட்டி நாள்கணக்கில் கூடாரத்துக்குள் கிடந்தார்கள். 7ஆம் தேதி, வெளியே வந்த ஆர்ட் கில்கி மயங்கி விழுந்தார். கால் சிரையில் ரத்தம் கட்டியிருந்தது. அந்த உயரத்தில் இது பிழைக்கிற நோயல்ல என்று ஹூஸ்டனுக்குத் தெரியும். ஆனாலும் விட்டுவிட்டு இறங்கும் பேச்சே எழவில்லை.

10ஆம் தேதி, புயலோடு புயலாக, கில்கியைத் தூக்கப்பையில் சுற்றி, கயிறு கட்டி இறக்கத் தொடங்கினார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடித்தவர் 26 வயது பீட் ஷோனிங். உறைந்து கிடந்த பாறைக்கு மேற்புறமாகக் கோடரிக் காம்பை இறக்கி, கயிற்றை அதில் சுற்றித் தன் உடம்பிலும் சுற்றியிருந்தார். இழுவை வந்தால் காம்பு பாறையில் சாயும், பிடுங்கிக்கொள்ளாது.

ஜார்ஜ் பெல்லுக்குக் கால் வழுக்கியது. அதே கயிற்றில் இருந்த ஸ்ட்ரீதரும் போனார். அவர்கள் கயிறு ஹூஸ்டன், பேட்ஸ் இருவரின் கயிற்றில் சிக்கியது; அவர்களும் போனார்கள். கில்கியோடு பிணைத்துக்கொண்டிருந்த மொலினாரையும் அது வாரியது. கில்கியையும் சேர்த்து ஆறு பேர் பாரம் ஷோனிங்கின் கையில். கயிறு விண்ணென்று இழுபட்டு மெலிந்தது. காம்பு மரம்தான், முறியவில்லை.

புகழெல்லாம் ஷோனிங்குக்கும் கோடரிக்கும் போயிற்று. நியாயம்தான். ஆனால் அந்த நைலான் கயிற்றுக்கும் ஒரு பங்கு கொடுக்கத்தான் வேண்டும். பழைய மணிலாக் கயிறு இப்படி நீண்டு கொடுக்காது, அறுந்திருக்கலாம்.

ஹூஸ்டன் தலையில் அடிபட்டு, எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெல்லின் கையுறைகள் போய்விட்டன. கில்கியைக் கோடரிகள் அடித்துச் சரிவிலேயே கட்டிவைத்துவிட்டு, கூடாரம் போடப் போனார்கள். திரும்பி வந்தால் ஆளும் இல்லை, கோடரியும் இல்லை. பனிச்சரிவு என்றே பலரும் எண்ணினார்கள். நண்பர்களுக்காக அவரே தன்னை விடுவித்துக்கொண்டார் என்று ஹூஸ்டன் பிற்காலத்தில் நம்பினார். எச்சங்கள் கிடைத்தது 1993இல்.

ஷோனிங்கின் கோடரி கொலராடோவில் கோல்டன் நகர மலையேற்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கே2 உச்சியை மறு ஆண்டு, 1954 ஜூலை 31 அன்று இரண்டு இத்தாலியர்கள் தொட்டார்கள். அந்த வெற்றி கோர்ட் வரை போனது. அடுத்த வாரம் அதுதான்.