எப்படி ஓட்டுறீங்க? இல்ல, எங்கே குடியிருக்கீங்க?

இன்னிக்கு நாம போகப்போறது 1980-கள்ல இருந்த கலிஃபோர்னியாவுக்கு. லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊர்ல கார் இல்லாம வேலைக்குப் போறது பெரிய பாடு. கார் இருந்தா இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும், அது சட்டம். ஆனா பிரீமியம் எவ்வளவுன்னு கம்பெனிதான் முடிவு பண்ணும். அரசோட முன் அனுமதி எதுவும் தேவையில்லை. கட்டாயமா வாங்கவேண்டிய ஒண்ணுக்கு விக்கிறவரே விலை வச்சா என்ன ஆகும்?

விலை ஏறிச்சு. அதைவிடக் கடுப்பு, அந்தக் கணக்குல ஜிப் கோடுக்கு, அதாவது நம்ம பின்கோடு மாதிரி, இருந்த எடை. வருஷக்கணக்கா ஒரு விபத்துகூட இல்லாம ஓட்டினவரும், ஏழைகள் நெருக்கமா வாழுற பகுதியில குடியிருந்தா கூடுதலா கட்டணும். கம்பெனிகள் தரப்பையும் சொல்லிடுறேன்: நெரிசலும் திருட்டும் அதிகமான இடத்துல க்ளெய்மும் அதிகம், டேட்டா அதைத்தான் காட்டுதுன்னாங்க. தினமும் டேட்டாவோட மல்லுக்கட்டுறவன்ங்கிற முறையில எனக்கு ஒண்ணு தெரியும். டேட்டா பொய் சொல்லாம இருக்கலாம். ஆனா எந்த விவரத்துக்கு எவ்வளவு எடைன்னு முடிவு பண்றது மனுஷன்தான்.

அந்த முடிவை மக்கள் கைக்குக் கொண்டுவரப் பார்த்தவர் ஹார்வி ரோசன்ஃபீல்ட். ரால்ஃப் நேடரோட வேலை பார்த்த வழக்கறிஞர். கலிஃபோர்னியாவுல கையெழுத்து திரட்டினா சட்டமன்றத்தைச் சுத்திப் போய், நேரா வாக்குச்சீட்டுலேயே ஒரு சட்டத்தை வைக்கலாம். அப்படி வந்ததுதான் முன்மொழிவு 103. 1988 நவம்பர் வாக்குச்சீட்டுல இன்சூரன்ஸ் பத்தி மட்டும் ஐந்து முன்மொழிவுகள்! மக்களைக் குழப்ப இதைவிட நல்ல வழி கிடையாது. இன்சூரன்ஸ் துறை 6 கோடி டாலருக்கு மேல செலவழிச்சுது. ஜெயிச்சது 103 மட்டும்தான், 51 சதவீதத்துல.

அதுல என்ன இருந்துச்சு? கட்டணத்துல 20 சதவீதம் குறைப்பு. நல்லா ஓட்டுறவங்களுக்குத் தனித் தள்ளுபடி. இன்சூரன்ஸ் ஆணையரை மக்களே தேர்ந்தெடுக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: ரேட்டை ஏத்துறதுக்கு முன்னாடி, அது நியாயம்தான்னு கம்பெனி நிரூபிக்கணும். சாதாரண ஆளும் அதை எதிர்த்து வாதாடலாம்.

கம்பெனிகள் உடனே கோர்ட்டுக்குப் போச்சு. 1989-ல மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தோட பெரும்பகுதியை ஏத்துக்கிச்சு. ஆனா கம்பெனிகளுக்கு நியாயமான லாபம் கிடைக்க வழி இருக்கணும்னுச்சு. அந்த ‘நியாயமான’ங்கிற ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் சில வருஷம் இழுத்தாங்க. 1990-ல தேர்தல்ல ஜெயிச்சு வந்த முதல் ஆணையர் ஜான் காரமெண்டி. அவர் போட்ட விதிகளை 1994-ல நீதிமன்றம் உறுதி செஞ்சுது. கடைசியில மக்களுக்குத் திரும்பி வந்த பணம் 100 கோடி டாலருக்கும் மேல.

ஜிப் கோடு? சட்டம் தெளிவா ஒரு வரிசை கொடுத்திருந்தது. முதல்ல எவ்வளவு பத்திரமா ஓட்டியிருக்கீங்க, அடுத்து வருஷத்துக்கு எத்தனை மைல், மூணாவது எத்தனை வருஷ அனுபவம். மத்ததெல்லாம் இதுக்குக் கீழேதான். ஆனா நடைமுறைக் கணக்குல ஜிப் கோடு மறுபடி மேலே ஏறி உட்கார்ந்துக்கிச்சு. அதைக் கீழே இறக்குற விதி வந்தது 2006-ல, ஓட்டுப் போட்டு 18 வருஷம் கழிச்சு. கொண்டுவந்தது, ரெண்டாவது முறை ஆணையரா வந்திருந்த அதே காரமெண்டி.