செல்லுலாய்டில் கற்பூரத்தின் பங்கு: ஒரு மறுவாசிப்பு

தாவரவழி பிளாஸ்டிக்கின் வரலாற்றை எழுதுவோர் பலரும் செல்லுலாய்டை யானையைக் காத்த பொருள் என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். இந்த வாசிப்பின் ஊற்று, அமெரிக்கச் செல்லுலாய்டு நிறுவனம் 1878-இல் வெளியிட்ட ஒரு சிற்றேடு. பெட்ரோலியம் வந்து திமிங்கிலத்துக்கு ஆறுதல் தந்ததாம். செல்லுலாய்டு வந்து யானைக்கும் ஆமைக்கும் ஆறுதல் தந்ததாம். சரக்கு விற்பவரின் விளம்பரம் பிற்காலத்தில் சான்றாக எடுத்தாளப்பட்டது வியப்புக்குரியது. யானை பிழைத்தது என்ற கூற்றே ஆட்டம் காண்கிறது. செல்லுலாய்டை உருவாக்கிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாட்டை அந்த முயற்சியில் இறக்கிவிட்டது, தந்தத்துக்கு மாற்றான பில்லியர்ட்ஸ் பந்துக்கு அறிவிக்கப்பட்ட 10,000 டாலர் பரிசு என்பர். பரிசு அறிவிக்கப்பட்ட ஆண்டை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் எதையும் உறுதியாக ஏற்கவில்லை. செல்லுலாய்டு நிலைபெற்ற இடமோ சீப்பும் சட்டைக் கழுத்துப்பட்டையும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் தந்தப் பந்தையே நாடினர். பியானோ கட்டைகளுக்கும் தந்தம் போய்க்கொண்டுதான் இருந்தது.

என் மறுப்பு தந்தத்தோடு முடியவில்லை. ஹயாட் சகோதரர்கள் 1870 ஜூலை 12 அன்று பெற்ற 105,338 எண் அமெரிக்கக் காப்புரிமையை அந்தச் சிற்றேட்டின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸை (தாவரச் செல்லுலோஸை அமிலத்தில் பதப்படுத்திக் கிடைப்பது) கூழாக அரைத்து, உலர்நிலையில் அது இரண்டு பங்கானால் தூளாக்கிய கற்பூரம் ஏறத்தாழ ஒரு பங்கு என்ற கணக்கில் கலந்து, சூடும் அழுத்தமும் கொடுக்க வேண்டும் என்கிறது அது. இந்த விகிதத்தைச் சற்றுக் கூட்டிக் குறைக்கவும் இடம் தருகிறது. கலவையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கற்பூரம்! சமையலில் பெருங்காயம்போலச் சிட்டிகை அளவில் சேரும் பொருளல்ல இது. நைட்ரோசெல்லுலோஸை வார்த்தெடுக்கும்படி இளக்குவதே கற்பூரம்தான். இதை முதலில் கண்டவர் யார் என்பதில் ஆங்கிலேயரான டேனியல் ஸ்பில் தொடுத்த வழக்கு நெடுங்காலம் நடந்தது. ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1865-லேயே கற்பூரத்தைக் குறிப்பிட்டிருந்தாலும், அதன் முழுப் பயனையும் அவர் உணர்ந்திருந்தாரா என்று அறுதியிட முடியவில்லை.

அந்தக் கற்பூரத்தின் பெரும்பகுதி தைவான் மலைக்காடுகளிலிருந்து வந்தது. முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியிலும் வேரிலும்தான் கற்பூரம் செறிந்திருக்கும். ஆகவே மரத்தையே சாய்த்து, சீவிய துண்டுகளை நீராவியில் காய்ச்சி, குளிர்ந்த கலத்தில் படியும் வெண்படிகத்தைச் சுரண்டி எடுத்தார்கள். ரப்பரைப் போலப் பால் வடித்துக்கொண்டு மரத்தை விட்டுவைக்கும் தொழிலல்ல இது. 1895-இல் தீவைக் கைப்பற்றிய ஜப்பான் 1899-இல் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது; காவல் அரண்களை மலைக்குள் நகர்த்தி அதயால் முதலான பழங்குடியினரை நெருக்கியது.

இங்கே ஒரு தடை எழும். கற்பூரம் மருந்துக்கும் பூசைக்கும் புகையற்ற வெடிமருந்துக்கும் போயிற்றே, பழி முழுவதும் செல்லுலாய்டுக்கா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்த மரம் எந்தச் சீப்புக்காக வெட்டப்பட்டது என்று பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் காலவரிசை ஒன்றைக் காட்டுகிறது: மருந்தும் பூசையும் பல நூற்றாண்டுப் பழக்கங்கள், காட்டின்மேல் பேரளவு நெருக்கடி விழுந்தது செல்லுலாய்டு ஆலைகள் பெருகிய தலைமுறையில்தான். ஏகபோகத்தின் விலையைத் தாங்காமல் டர்பன்டைனிலிருந்து செயற்கைக் கற்பூரம் செய்யும் வழியைத் தேடியவர்களில் ஜெர்மன் ஆலையினர் முன்நின்றனர். இன்று நம் வீட்டில் ஏற்றும் சூடமும் பெரும்பாலும் அவ்வழி வந்ததே.

1878-இன் பிழை பழங்கதையாகிவிடவில்லை. ஒரு பிளாஸ்டிக் எவ்வளவு தாவரவழி என்பதை இன்று ஏஎஸ்டிஎம் டி6866 என்னும் கதிர்க்கரிமச் சோதனையால் அளக்கிறோம். அது கரிமத்தின் வயதை மட்டுமே சொல்லும்; எந்த நிலத்தில் விளைந்தது, எதைக் கொண்டு இளக்கப்பட்டது, கழிவானபின் என்னவாகும் என்பவற்றைச் சொல்லாது. பிரேசிலில் கரும்புச் சாராயத்திலிருந்து செய்யும் பாலிஎத்திலீன் தாவரவழிதான், ஆனால் மக்காது. மக்காச்சோளத்திலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலம் மக்க 60 பாகை அளவிலான ஆலைச்சூடு வேண்டும். முழு வாழ்நாள் மதிப்பீடு இதற்காகத்தானே இருக்கிறது என்பர். இருக்கிறது, ஆனால் பொட்டலத்தின்மேல் அச்சாவது பெரும்பாலும் ஒற்றை விழுக்காடுதான். வடிவமைப்பவர் முதன்மைப் பொருளை எடைபோடும் கண்டிப்போடு இளக்கியையும் எடைபோடாதவரை அந்த எண் பாதிக்கணக்கே. ஹயாட்டின் செல்லுலாய்டை, அதன் தைவான் கற்பூரத்தோடு, இன்று அந்தச் சோதனைக்கு அனுப்பினால் ஏறத்தாழ நூறு விழுக்காடு தாவரவழி என்றே சான்று வரும்.