பாதி மழையைக் குடித்த மண்

மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் ஒரு கணக்கின்மேல் கட்டப்பட்டவை. மணிக்கு 25 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் பாதியை மண் குடித்துவிடும். மறுபாதியை வடிகால் கடலில் சேர்க்கும். மித்தி ஆற்றின் கரைகளில் சதுப்பும் அலையாத்தியும் பரந்திருந்த காலத்தில் அக்கணக்கு பிழையன்று.

பின்னர் தாராவியின் சதுப்பு குடியிருப்பாயிற்று. ஆற்றங்கரைச் சதுப்பைத் தூர்த்து பாந்திரா-குர்லா வளாகம் எழுந்தது. மண் மூடப்பட்டது, கணக்கு மட்டும் மாறவில்லை.

1985ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் மாநகராட்சியே வல்லுநர்களைக் கொண்டு ஆராயச் செய்தது. 1993இல் 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை வந்தது. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையை எதிர்பார்க்க வேண்டும். மண் ஒரு துளியையும் குடிக்காது என்று கொள்ள வேண்டும் என்றது அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வடிகால்கள் முன்னைவிட நான்கு மடங்கு நீரைச் சுமக்க வேண்டும். பொறியாளர்கள் அதை எச்சரிக்கையாக எழுதினர். ஆட்சியாளர்கள் அதைச் செலவாகப் படித்தனர். பெரும்பாலான பணிகள் ஏட்டளவிலேயே நின்றன.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தென்முனையிலுள்ள கொலாபாவில் பதிவானது ஏறத்தாழ 74 மட்டுமே. கோட்டைப் பகுதியிலுள்ள மாநகராட்சித் தலைமையகத்திலிருந்து வானத்தைப் பார்த்தவர்க்கு, வடக்கே நகரம் மூழ்குவது தெரிந்திருக்க வழியில்லை. அன்று 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பிரிம்ஸ்டோவாட் முழுமையாக நிறைவேறியிருந்தாலும் அத்தகைய மழையை அது தாங்கியிராது. ஆனால் தேங்கிய நீர் விரைந்து வடிந்திருக்கும்.

அரசு அமைத்த மாதவ் சிதலே குழு, சுருங்கிய மித்தியையும் விமானநிலையத்தருகே வளைத்துத் திருப்பப்பட்ட அதன் போக்கையும் 2006இல் சுட்டிக்காட்டியது. அவ்வாண்டே நகரின் பல பகுதிகளில் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன. பதின்மூன்று ஆண்டு உறங்கிய வடிகால் திட்டமும் விழித்தது.

அறிக்கையை ஒப்படைத்ததோடு அறிவியலாளர் கடமை முடிந்தது என்று கருதுவோர்க்கு இவ்வரலாறு விடை சொல்கிறது. 1993இன் எண்கள் பிழையற்றவை. ஆயினும் 'நான்கு மடங்கு' என்பது எந்தத் தெருவில், எத்தனை மணிநேரம், எவர் வீட்டில் இடுப்பளவு நீர் என்று மாமன்ற உறுப்பினர்க்கு விளங்கும் மொழிக்கு அவை மாறவில்லை. சுனாபட்டிக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளம் மூழ்கி ரயில் நிற்கும் ஒவ்வொரு மழைநாளும் அம்மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை என்பதையே உணர்த்துகிறது.