கூடைப்பந்தும் கல்லூரி மகளிரும்

கூடைப்பந்து அமெரிக்காவில் 1891-ஆம் ஆண்டு பிறந்ததென்பதை நம்மிற் பலர் அறிவோம். மறு ஆண்டே ஸ்மித் மகளிர் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார் என்பதை அறிந்தோர் சிலரே. பெண்கள் மிகக் களைத்துவிடலாகாதென்று களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு நகரலாகாதென விதித்தனர். 1893-இல் அங்கு நடந்த முதலாட்டத்தைக் காண ஆடவர்க்கு அனுமதியில்லை.

ஆடவர் கல்லூரிகளின் தேசியப் பந்தயம் 1939-இல் தொடங்கிற்று. மகளிரோ மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருந்தனர். 1969-இல் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டர் கல்லூரிப் பயிற்சியாளர் கரோல் எக்மன் என்னும் அம்மையார் பதினாறு கல்லூரிகளை அழைத்துத் தேசியப் பந்தயம் ஒன்றை நடத்தினார்.

1972-இல் அதே மாநிலத்தின் இம்மாகுலாட்டா என்னும் சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரி தேசியப் பந்தயத்திற்குத் தகுதி பெற்றது. வழிச்செலவுக்குப் பணமில்லை. மாணவியர் பல் துலக்கும் பிரஷ்களை விற்றுப் பொருள் சேர்த்தனர்; எட்டு வீராங்கனையரே இல்லினாய் மாநிலம் செல்ல முடிந்தது. சில நாட்களுக்கு முன் தம்மை 32 புள்ளி வேறுபாட்டில் தோற்கடித்த வெஸ்ட் செஸ்டரையே இறுதியாட்டத்தில் 52-48 என வென்று வாகை சூடினர்.

அவ்வெற்றிக்கு மூன்று திங்கள் கழித்தே, அரசின் பொருளுதவி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேற்றுமை கூடாதென்னும் சட்டம் பிறந்தது. ஆடவர் பந்தயத்தை நடத்திய சங்கம் மகளிர்க்கும் பந்தயம் அமைத்தது 1982-இல்தான். சட்டமும் சங்கமும் கைகொடுக்கு முன்னரே பெண்கள் தம் களத்தைத் தாமே அமைத்துக்கொண்டனர்.

நம் காலனியின் பெண்மக்கள் மாலையில் திடலுக்குச் செல்ல இசைவு கேட்கும்போது, நாம் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வோமாக!